பழைய குட்டி விமானத்தில் மின்கோளாறு: அறிகுறியைப் பிடித்து வயரைத் தேடும் வழி

பழைய செஸ்னாவையோ பைப்பரையோ வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் சொல்வது, "மொத்த வயரிங்கையும் மாத்திடலாம்" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "என்ன அறிகுறி?" தேடிப் போனால் கடைசியில் கையில் கிடைப்பது களிம்பு ஏறிய ஒரு லக் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்), இளகிப்போன ஒரு நட், கருகிய ஒரு சுவிட்ச் முனை. வயர் நடுவில் சாவது அபூர்வம். முனையில்தான் சாகும். அதனால் எங்கே தேடினாலும் இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட பழைய விமானங்களுக்கு. எண்களை 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன். 24 வோல்ட் பேட்டரி என்றால் வோல்ட் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். செஸ்னா 172 வைத்திருப்பவர்கள் எந்த ஆண்டு மாடல் என்று பார்த்துவிடுங்கள். 1978 மாடலிலிருந்து அது 28 வோல்ட் அமைப்பு, அதாவது 24 வோல்ட் பேட்டரி.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. இரு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட 4 மீட்டர் வயர் இரண்டு. ஹோல்டரோடு 21 வாட் கார் பிரேக் லைட் பல்பு ஒன்று. அந்த விமானத்துக்கே உரிய வயரிங் வரைபடம். வரைபடத்தில் இல்லாத வயர்கள் நிச்சயம் இருக்கும். முப்பது நாற்பது ஆண்டுகளில் எத்தனை ரேடியோ வந்து போயிருக்கும்!

ஓம் அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள். 19 இழைகளில் 18 அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் "எல்லாம் சரி" என்றுதான் காட்டும். லோடு ஓடும்போது வோல்டேஜ் எந்த இடத்தில் விழுகிறது என்று அளப்பதுதான் உண்மையைச் சொல்லும். அமெரிக்க விமான ஆணையமான எஃப்.ஏ.ஏ.-வின் ஏசி 43.13-1பி என்ற பழுதுபார்ப்பு வழிகாட்டி தரும் வரம்பு எளிமையானது: 12 வோல்ட் பேட்டரி உள்ள 14 வோல்ட் அமைப்பில் பஸ் பாரிலிருந்து (எல்லா சர்க்யூட்டுக்கும் மின்சாரம் பிரியும் உலோகப் பட்டை) கருவி வரை, தொடர்ந்து ஓடும் லோடுக்கு அரை வோல்ட், விட்டுவிட்டு ஓடும் லோடுக்கு ஒரு வோல்ட். அதற்கு மேல் விழுந்தால் நடுவில் ஏதோ ஒன்று தின்கிறது.

ஒரு எச்சரிக்கை. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்குத் தானே மின்சாரம் உண்டாக்கித் தரும் மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. அதை எர்த் செய்து அணைக்கும் பி-லீடு வயர் அறுந்திருந்தால் சாவியை எடுத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் புரொப்பெல்லரைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 1: மாஸ்டர் (மெயின் சுவிட்ச்) போட்டால் எதுவும் வரவில்லை

"டக்" சத்தமும் இல்லை என்றால்

முதலில் பேட்டரி. கிளாம்பில் அல்லாமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டரை வைத்து அளங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே இருக்கும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி வாருங்கள். வயரிங்கைக் குறை சொல்ல இன்னும் நேரமில்லை.

பேட்டரி நன்றாக இருந்தால், பேட்டரியை விமானத்தோடு இணைக்கும் மின்காந்த சுவிட்சான மாஸ்டர் ரிலேக்குப் போங்கள். பெரும்பாலான செஸ்னா, பைப்பர்களில் மாஸ்டர் சுவிட்ச் செய்யும் வேலை, ரிலே காயிலின் சின்ன முனையை எர்த் செய்வது மட்டும்தான். கிளிப் வயரால் அந்தச் சின்ன முனையை விமானத்தின் உடலோடு தொட்டுப் பாருங்கள். "டக்" என்றால் ரிலே நல்லது. சுவிட்ச், அதற்கு வரும் மெல்லிய வயர், சுவிட்சின் எர்த் ஆகிய மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. எர்த் திருகை முதலில் கழற்றிச் சுரண்டுங்கள். சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் காயில் போயிற்று, ரிலேயை மாற்றுங்கள்.

"டக்" கேட்கிறது, ஆனால் விளக்கு மங்கல் அல்லது ஒன்றுமே இல்லை என்றால்

லேண்டிங் லைட்டைப் போட்டுவிட்டு ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அளங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் உள்ளே முனைகள் தீய்ந்துவிட்டன. புதிது வாங்கும்போது கவனம் தேவை: மாஸ்டர் ரிலேயும் ஸ்டார்ட்டர் ரிலேயும் பார்க்க ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும். மாஸ்டருடையது மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கச் செய்தது. ஸ்டார்ட்டருடையது சில நொடிகளுக்கு மட்டும். இடம் மாறிப் போட்ட ஒன்றை நான் கழற்றியிருக்கிறேன், காயில் உறை பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது. போடும் முன் காயிலை ஓம் மீட்டரில் வையுங்கள். 12 வோல்ட் மாஸ்டர் வகையில் பதினைந்து ஓம் பக்கம் வரும். ஸ்டார்ட்டர் வகையில் சில ஓம்கள்தான்.

## அறிகுறி 2: ஸ்டார்ட்டர் முனகுகிறது, அல்லது "டக்"கோடு நின்றுவிடுகிறது

பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஓடுவது நூற்றுக்கணக்கான ஆம்பியர்; கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் வோல்ட்டைத் தின்னும். மீட்டரை நீள வயரால் முன்கூட்டியே மாட்டிவிட்டு, புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்தில் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எரிபொருளை மூடி, மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவைக் கைப்பிடி) முழுக்க இழுத்துவிட்டு, விமானியின் இருக்கையில் ஒருவரை வைத்து ஸ்டார்ட்டரை மூன்று நொடி சுற்றச் சொல்லுங்கள்.

வரிசை இது:

1. பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் முனை வரை. ஒரு வோல்டுக்கு மேல் விழுந்தால், அந்தப் பாதையைத் துண்டு துண்டாக அளந்து எந்தத் துண்டு என்று பிடியுங்கள்.
2. பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சின் உடல் வரை. அரை வோல்ட் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும்.
3. இரண்டும் நன்றாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம்.

இரண்டாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் உடலுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டைதான் மின்சாரம் திரும்பும் வழி. ஒருமுறை ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுகிறது என்று வந்த விமானத்தில் பட்டை லக்கின் கழுத்தில் அறுந்து, உறைக்குள் மறைந்திருந்தது. ஆனாலும் எஞ்சின் சுற்றியது. எப்படி? த்ராட்டில் கேபிளைத் தொட்டேன், கை சுட்டது. ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுக்க த்ராட்டில், மிக்ஸ்சர் கேபிள்களின் எஃகுச் சுருள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிள் சிக்கிக்கொண்டால் ஆகாயத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டை மலிவு. கேபிள்களையும் சேர்த்து மாற்றினோம்.

பைப்பர் செரோக்கி வகை என்றால் இன்னொன்று பாருங்கள். பல மாடல்களில் பேட்டரி கேபிள் அலுமினியம். அலுமினிய முனையில் படியும் வெள்ளைப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது; சுரண்டினாலும் சில மாதத்தில் மறுபடி வரும். அங்கே சுத்தம் செய்து பொழுதைப் போக்காமல், ஒப்புதல் பெற்ற செப்புக் கேபிள் தொகுதிக்கு மாறிவிடுவது என் பழக்கம். இது உரிமம் பெற்ற பொறியாளர் செய்து பதிவேட்டில் எழுத வேண்டிய வேலை.

## அறிகுறி 3: அம்மீட்டர் முள் ஆடுகிறது, விளக்கு துடிக்கிறது

எஞ்சின் ஓடும்போது முள் இடமும் வலமுமாகத் தாளம் போடும். அதே தாளத்தில் பெட்ரோல் முள்ளும் ஆடும். உடனே எல்லோரும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை வாங்கிவிடுகிறார்கள். புதியதை மாட்டியதும் சில வாரம் அடங்கும், பிறகு மறுபடி தொடங்கும். குற்றம் பெரும்பாலும் ரெகுலேட்டருக்குப் போகும் வழியில் இருக்கிறது, ரெகுலேட்டரில் இல்லை.

பழைய அமைப்பில் ரெகுலேட்டர் எந்த வயர் வழியாக ஃபீல்டு மின்சாரத்தை (ஆல்டர்னேட்டரின் ரோட்டார் காயிலுக்குப் போவது) வாங்குகிறதோ அதே வயர் வழியாகத்தான் பஸ் பாரின் வோல்டேஜையும் பார்க்கிறது. அந்த வழியில் தடை ஏறினால் அது பொய்யான வோல்டேஜைப் பார்த்து ஏற்றும், உடனே இறக்கும், மறுபடி ஏற்றும். தியரி இவ்வளவு போதும்.

எஞ்சின் ஓடாமல், மாஸ்டரையும் ஆல்டர்னேட்டர் சுவிட்சையும் போடுங்கள். ஃபீல்டில் 2, 3 ஆம்பியர் ஓடத் தொடங்கும். நமக்கு வேண்டிய லோடு அதுவே. மீட்டரின் சிவப்பு முனை பஸ் பாரில், கறுப்பு முனை ரெகுலேட்டரின் உள்வரும் முனையில். 0.2 வோல்டுக்குக் கீழே இருந்தால் வழி சுத்தம். அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்றால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. இப்போது சிவப்பு முனையை அசைக்காமல் கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) இணைப்பு, ஓவர்வோல்டேஜ் ரிலே இருந்தால் அது, ஆல்டர்னேட்டர் சுவிட்சின் இரு முனைகள், ஃபீல்டு சர்க்யூட் பிரேக்கரின் இரு முனைகள். எண் எங்கே சட்டென்று குறைகிறதோ, குறைவதற்கு முன் தொட்ட இடத்துக்கும் இப்போது தொட்ட இடத்துக்கும் நடுவில்தான் வியாதி.

சரிசெய்யும் வரிசை:

- தள்ளிச் சொருகும் முனைகள் தளர்ந்திருந்தால் இடுக்கியால் நெரித்து ஏமாற்றாமல் புதிது கிரிம்ப் செய்யுங்கள்.
- அடுத்தது சுவிட்ச். ஆயிரக்கணக்கான முறை போட்டு அணைத்த சுவிட்ச் அது.
- பிறகு பிரேக்கர்.
- இத்தனைக்கும் பிறகு முள் ஆடினால்தான் ரெகுலேட்டர்.

பல சமயம் ஒரே இடத்தில் பெரிய குற்றவாளி கிடைக்காது. ஐந்தாறு இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுப்பித்துவிடுங்கள். ஒன்றை மாற்றி, பறந்து பார்த்து, மற்றொன்றை மாற்றிக்கொண்டிருந்தால் வருஷம் ஓடிவிடும்.

எஞ்சின் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சுவிட்சைப் போட்டபடி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பேட்டரி காலியாகும், ரோட்டார் காயில் சூடேறும்.

## அறிகுறி 4: சார்ஜ் ஏறவில்லை

பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபீல்டு பிரேக்கர் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் பின்னால் ஃபீல்டு வயர் முனை. அதிர்வில் லக்கின் கழுத்தில் அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாக இழுத்தால் கையோடு வரும்.

வயர் நன்றாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, மாஸ்டரும் ஆல்டர்னேட்டரும் போட்டபடி, ஒரு ஸ்க்ரூடிரைவரை ஆல்டர்னேட்டரின் பின் பேரிங் மூடியருகே கொண்டு போங்கள். காந்தம் போல இழுக்கிறதா?

இழுக்கிறது: ஃபீல்டு காயிலும் பிரஷ்ஷும் வேலை செய்கின்றன. வெளியே வரும் தடித்த வயர், அதன் பிரேக்கர், கடைசியில் டயோடுகள்.

இழுக்கவில்லை: ஃபீல்டு முனையில் வோல்ட் இருக்கிறதா என்று அளங்கள். இருந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. இல்லையென்றால் மேலே அறிகுறி 3-இல் சொன்ன வழியிலேயே தேடுங்கள்.

எதிர்த்திசைக் கோளாறும் உண்டு. ஓடும்போது பஸ் பாரில் சாதாரணமாக 13.8 முதல் 14.2 வரை இருக்கும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரை அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரைக் குறை சொல்லும் முன் அதன் பெட்டி ஃபயர்வாலோடு சேரும் இடத்தைச் சுரண்டி எர்த் கொடுங்கள். பெயிண்ட் மேல் திருகிய ரெகுலேட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் ஜெனரேட்டர் உள்ள மிகப் பழைய விமானம் என்றால், ஐடிலில் சார்ஜ் ஏறாதது கோளாறு இல்லை. அதைத் திறந்து வேலை பார்த்தபின் துருவத்தைச் சரிசெய்ய வேண்டும். முறை ரெகுலேட்டருக்கு ரெகுலேட்டர் மாறும், கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

## அறிகுறி 5: பிரேக்கர் விழுகிறது

பிரேக்கர் காப்பது வயரை; கருவியை அல்ல. 22 கேஜ் வயருக்கு 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10 என்ற கணக்கை மீறி "கொஞ்சம் பெரிசா போட்டா நிக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் கையில் ஸ்பேனர் கொடுக்காதீர்கள்.

போட்டவுடன் விழுந்தால்: எங்கோ உரசி உடலைத் தொடுகிறது. கருவியின் வயரைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் கருவியில் கோளாறு. அப்போதும் விழுந்தால் வயரில். பிரேக்கரின் வெளிமுனையிலிருந்து வயரை எடுத்துவிட்டு, நடுவே அந்த 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழுதாக எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. 24 வோல்ட் அமைப்பில் லாரி பல்பு. இனி கட்டுக்கட்டாக வயரை அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு கண் சிமிட்டும் இடம்தான் இடம். கன்ட்ரோல் கம்பி பேனலுக்குப் பின்னால் நகரும் பாதை, கதவுத் தூண், இறக்கை வேர், ரப்பர் வளையம் உதிர்ந்த ரிப் ஓட்டை ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

சில நிமிடம் கழித்து விழுந்தால்: கருவி அதிகம் இழுக்கிறதா என்று டிசி கிளாம்ப் மீட்டரால் பாருங்கள். ஃபிளாப் மோட்டார், பிட்டோ ஹீட்டர் (காற்று வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்குவது) இரண்டும் வழக்கமான சந்தேகக் கைதிகள். அளவு சரியாக இருந்தும் விழுந்தால் பிரேக்கருக்கே வயதாகிவிட்டது.

பறக்கும்போது மட்டும் விழுந்தால்: அதிர்வில் உரசுகிறது. மேலே சொன்ன பல்புச் சோதனையை எஞ்சின் நிறுத்தி, வயர்க் கட்டை நன்றாக உலுக்கிச் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் மறுபடி மறுபடி உள்ளே தள்ளிப் பறக்காமல் பொறியாளரிடம் விடுங்கள்.

## அறிகுறி 6: ஹெட்செட்டில் இரைச்சல்

ஆர்.பி.எம். ஏற ஏற விசில் போல உயர்ந்தால் ஆல்டர்னேட்டரை ஒரு கணம் அணையுங்கள். விசில் நின்றால் டயோடோ, ஃபில்டரோ, ஆல்டர்னேட்டர் எர்த்தோ. பஸ் பாரில் மீட்டரை ஏசி (மாறு மின்னோட்ட) அளவில் வைத்து அரை வோல்டுக்கு மேல் காட்டினால் டயோடு என்று பந்தயம் கட்டலாம். "டிக் டிக்" என்று எஞ்சினோடு துடித்தால் மேக்னெட்டோ. பி-லீடின் மேலுறை எர்த் விட்டுப்போயிருக்கும். பி-லீடைத் தொடும் வேலை பொறியாளருடையது, காரணம் மேலே சொல்லியாயிற்று.

## அறிகுறி 7: பெட்ரோல் முள் பொய் சொல்கிறது

இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடினால் கருவிகளுக்குப் போகும் வோல்டேஜ், எர்த். ஒன்று மட்டும் என்றால் அந்தத் தொட்டியின் சென்டர் (எரிபொருள் அளவைக் காட்டிக்கொடுக்கும் சென்சார்), அதன் எர்த் வயர். சென்டர் விளிம்புக்கும் விமான உடலுக்கும் நடுவே ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே பல்புச் சோதனை, நேரடிப் பேட்டரி வயர் எதுவும் கூடாது. ஆவி சூழ்ந்த இடம் அது. தொட்டி மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

## அறிகுறி 8: கருகல் வாடை

ஆகாயத்தில் என்றால் மாஸ்டர் ஆஃப். எஞ்சின் மேக்னெட்டோவில் ஓடிக்கொண்டேயிருக்கும். விமானத்தைப் பறக்கவிட்டு, பக்கத்து ஓடுபாதையைத் தேடுங்கள். பழைய பி.வி.சி. உறை எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், காற்றோட்டம் முக்கியம். கையேட்டின் தீ நடைமுறை எதைத் திறக்கச் சொல்கிறதோ அதைத் திறங்கள்.

தரையில், காரணம் தெரியும்வரை மாஸ்டரைத் தொடாதீர்கள். ஒரு வயர் உருகியிருந்தால் அதோடு கட்டப்பட்ட அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. அந்த வயர்க் கட்டை முழு நீளத்துக்கும் பிரிக்க வேண்டும். இதில் சொந்த வேலை கிடையாது.

## அப்படியென்றால் மொத்தமாக மாற்றுவது எப்போது?

பேனலுக்குப் பின்னால், ஃபயர்வாலுக்கு முன்னால், இறக்கை வேரில் என மூன்று இடங்களில் ஒதுக்கக்கூடிய ஒரு வயர் முனையை எடுத்துப் பென்சிலில் சுற்றிப் பாருங்கள். உறை வெடித்தால் காலம் வந்துவிட்டது. எஞ்சின் பக்கம் மட்டும் வெடித்தால் எஞ்சின் பக்கம் மட்டும் மாற்றினால் போதும். வெப்பமும் எண்ணெயும் அங்கேதான் வேலை செய்கின்றன. துணி பின்னிய உறை உள்ள வயர் என்றால் சோதனையே வேண்டாம், மாற்றுங்கள்.

யார் செய்யலாம் என்பதில் விளையாடாதீர்கள். அமெரிக்க விதிகளில், சொந்த விமானத்தை வைத்திருக்கும் விமானி தானே செய்து கையெழுத்திடலாம் என்ற பட்டியலில் பேட்டரி மாற்றுவது, விளக்கு பல்பு மாற்றுவது, லேண்டிங் லைட் வயரில் அறுந்ததைச் சரிசெய்வது ஆகியவை உண்டு. முழு வயரிங் அதில் இல்லை. மற்ற நாடுகளில் அந்தந்த ஆணையத்தின் விதி. பொறியாளரின் மேற்பார்வையில் கூட நின்று வேலை செய்யலாம், செய்யுங்கள். உங்கள் விமானத்தை வேறு எப்படியும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறு மாதம் கழித்து ஹேங்கரில் ஒரு கூடை வயரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சர்க்யூட்டை முடித்து, சோதித்து, அடுத்ததற்குப் போங்கள். கழற்றும் முன் இரு முனையிலும் எண் ஒட்டி, படம் எடுங்கள். பழைய வயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால் அதே வழியில் போய்ச் சேரும். வயர் டெஃப்செல் (Tefzel) பிளாஸ்டிக் உறை கொண்ட எம்22759/16 வகை. கார் கடை வயர் கூடாது. கிரிம்ப், ராட்செட் கருவியால். ஒரு துண்டு வயரில் ஒரு ஒட்டுக்கு மேல் வேண்டாம்; கட்டில் பல ஒட்டு வந்தால் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வையுங்கள். எரிபொருள் குழாயோடு சேர்ந்து போகும் இடத்தில் வயர் மேலே, குழாய் கீழே. எந்தக் கருவிக்கும் போகாமல் தொங்கும் அநாதை வயர்களை வெளியே எடுங்கள். நான் எடுத்ததில் ஒரு விமானத்தில் மட்டும் ஒரு கையில் அடங்காத சுருள் வந்தது. எடை மாறும், எடை-சமநிலைத் தாளைத் திருத்த வேண்டும்.

முடிந்ததும் எல்லா லோடையும் போட்டு, எஞ்சினைப் பயண ஆர்.பி.எம்.-இல் ஓட்டி, பஸ் பாரின் வோல்டேஜை எழுதி வையுங்கள். 10 மணி நேரம் பறந்தபின் கௌலிங்கை (எஞ்சின் மூடி) திறந்து, பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு லக்கையும் விரலால் அசைத்துப் பாருங்கள். புதிய வேலையில் இளகுவது பெரும்பாலும் ஸ்டார்ட்டர் முனையின் நட்.